‘விடாதே’யை விட்ட கேலரி

எங்கள் டீமுக்கு டிஃபென்ஸுக்கென்றே தனியாக ஒரு கோச் வரப்போகிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் என் வீட்டுக்காரர் அசரியா சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அன்று அவர் பாட்டுக்கு எங்கள் வீட்டுக் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரை எஃப்.சி. என்று பெயர். சிட்லபாக்கத்தைத் தாண்டி ஒரு மைதானம், அதில் நாலு படி வைத்த ஒரு கேலரி. நடு மைதானத்துக்கு நேராகக் கட்டியிருக்க வேண்டியது. அங்கே மின்கம்பம் இருந்ததால் வடக்குப் பக்க கோலுக்கு அருகில் தள்ளிக் கட்டிவிட்டார்கள். இந்தக் கதை நடந்ததற்கு அந்த மின்கம்பமும் ஒரு காரணம்.

எங்கள் பிள்ளை ஆபேல் அந்த டீமின் ஸ்டாப்பர் பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையும் வருகிற ஆளையும் தடுக்கிற வேலை. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து, ரயிலேறி வந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுவான். அந்த சீசனில் என்ன ஓடியும் கோல்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. “ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல முடிச்சூர்ல தண்ணி வந்த மாதிரின்னா வருது கோல்!” என்றார் எங்களோடு உட்காரும் தோத்தாத்ரி சார். முடிச்சூரில் கழுத்தளவு தண்ணீரில் பீரோவை இழந்தவள் நான். என்னிடமே இதைச் சொன்னார். அன்று என் பிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ கிடைக்கவில்லை.

மாவட்ட லீக் முதல் டிவிஷனில் நாங்கள் கடைசிக்கு ஒரு படி மேலே தொங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் நிற்கிற டீம் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆபேல் தட்டைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னான்.

“இந்த வருஷம் இறங்கிட்டோம்னா நான் பூட்ஸைக் கழட்டிடறேன்மா. பாதி கோல் என்னாலதான் போகுது. பந்து பக்கத்துல வந்தா எனக்கு என்னமோ ஆயிடுது. அப்பாகிட்ட சொல்லாத.”

நான் சொல்லவில்லை. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே எப்போதும் நான்தான் தபால்காரி. ‘அவன் சாப்பிட்டானா கேளு’, ‘அப்பா மாத்திரை போட்டாரான்னு கேளும்மா’ என்று இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த ஒரு தபாலை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

வீட்டில் பேசாத மனிதர், கேலரியில் வாயைத் திறந்தால் மூட மாட்டார். சர்ச் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கனத்த அடிக்குரல் அவருடையது. பேச்சில் ‘விடாத’ என்று சொல்கிறவர், கேலரி ஏறிவிட்டால் மட்டும் முழுத் தமிழில் “விடாதே ஆபேல், விடாதேஏஏ!” என்று கடைசி எழுத்தைக் கீர்த்தனைபோல இழுப்பார். பள்ளிக்கூட மேட்ச் நாளிலிருந்தே இதே கூப்பாடுதான். அதைக் கேட்டுக் கேட்டு மொத்தக் கேலரிக்கும் தொற்றிக்கொண்டது. பந்து எங்கள் கோலுக்குப் பக்கத்தில் வந்தால் போதும், நாலு படியும் சேர்ந்து ‘விடாதே’ பாடும். நானும்தான். தமிழ் டீச்சர் என்பதால் உச்சரிப்பு மட்டும் சுத்தமாக இருக்கும்.

புது கோச் யாரென்று தெரியாததால் ஆளாளுக்குத் தங்கள் ஆசையை அவர் தலையில் ஏற்றினார்கள்.

“ஆளோட ஆளா ஒட்டணும். எதிர் டீம்காரன் தண்ணி குடிக்கப் போனாலும் கூடவே போகணும். வர்றவர் அதைத்தான் கொண்டுவரப் போறார், பாருங்க” என்றார் இவர்.

“அதெல்லாம் அந்தக் காலம் அசரியா. இப்ப ஆளைக் காக்கறதில்லை, இடத்தைக் காக்கறா. அஞ்சு பேரை வரிசையா நிறுத்தினா எறும்பு போக முடியாது” என்றார் தோத்தாத்ரி சார். ஐரோப்பா மேட்ச் எல்லாவற்றையும் டிவியில் பார்த்துவிட்டுப் பகலில் கொட்டாவி விடுகிறவர்.

கேலரிக்குக் கீழே கூடையோடு உட்கார்ந்து சுண்டலும் கமர்கட்டும் விற்கும் கங்கையம்மாளுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. “இன்னா சார், அஞ்சு பேரு ஆறு பேருன்னு பேசிகினு கீற! பசங்க மூஞ்சியப் பாத்தியா? காஞ்சி போயி கீது. வர்ற கோச்சு ஆளுக்கு ரெண்டு முட்டை குடுக்கட்டும், அப்பால பாரு.”

என் ஆசையை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது வந்து, என் பிள்ளைக்குப் பந்து பக்கத்தில் வரும்போது ‘என்னமோ ஆவது’ என்னவென்று கண்டுபிடித்தால் போதும்.

வந்தவள் ஒரு பெண். ரோஹிணி என்று பெயர். காட்டாங்குளத்தூர் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்துவிட்டு அங்கேயே பெண்கள் டீமுக்குப் பயிற்சி தருகிறவள். மீசையும் விசிலுமாக ஒருத்தரை எதிர்பார்த்திருந்த கேலரிக்கு முகம் தொங்கிப்போனது. அதைவிட மோசம், முதல் மேட்ச் அன்று அவள் டீம் பெஞ்சிலேயே உட்காரவில்லை. நேராகக் கேலரிக்கு வந்து எங்கள் படியில், எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். போனை ஸ்டாண்டில் மாட்டி மைதானத்தைப் பார்த்து வைத்தாள். தொண்ணூறு நிமிஷமும் வாயே திறக்கவில்லை.

அன்றும் தோற்றோம். வடக்கு கோலுக்கு முன்னால் ஒரு சாதாரணப் பந்து, உருண்டு வந்தது. ஆபேல் அதை உதைத்து அனுப்பியிருக்கலாம், இல்லையென்றால் பின்னால் நின்ற கீப்பர் ஐசக்குக்கு விட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் காலைத் தூக்கியபடி நின்றான். எதிர் டீம் பையன் நடுவில் புகுந்து கோலுக்குள் தட்டிவிட்டுப் போனான். இவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இவ்ளோ கத்தியும் கேக்கலையா இவனுக்கு?” என்றார்.

“மேடம், உங்க அப்ரோச்தான் என்ன?” என்று தோத்தாத்ரி சார் ரோஹிணியிடமே கேட்டுவிட்டார்.

“இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன் சார்” என்றாள் அவள். கங்கையம்மாளிடம் சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று வாட்ஸ்அப் குழுவில் அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி மேட்சுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, கேலரிக்காரர்கள் மட்டும் வரச்சொல்லி அவளே கூப்பிட்டாள். லேப்டாப்பைப் படியில் வைத்தாள். டீமில் ஒருவரையும் காணோம்.

“இது நம்ம பசங்க வெளி கிரவுண்டுல ஆடினது. சத்தத்தைக் கேளுங்க” என்றாள்.

பந்து வந்தது. ஐசக் “விடு!” என்று கத்துவது கேட்டது. கீப்பர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ‘நீ தொடாதே, நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று அர்த்தம். ஆபேல் விலகினான், ஐசக் பந்தை அள்ளினான். அப்படி மூன்று நான்கு காட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி.

“இது இங்க ஆடினது.”

பந்து வந்தது. ஐசக் வாயைத் திறந்தான். அவன் சொன்னது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் கிழிய “விடாதேஏஏ!” என்றுதான் கேட்டது. அதில் இவர் குரல் தனியாகத் தெரிந்தது. ஆபேல் காலைத் தூக்கினான், பாதியில் நிறுத்தினான். கோல்.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“ஐசக் குரல் கொஞ்சம்தான் ஆபேலுக்குக் கேக்குது. ‘விடு’ன்னு காதுல விழுது, அதே நேரத்துல ‘விடாதே’ன்னும் விழுது. கீப்பர் பேச்சைக் கேக்கறதா, உங்க பேச்சைக் கேக்கறதான்னு ஒரு நொடி நின்னுடறார். அந்த ஒரு நொடியிலதான் கோல் போகுது. ஆபேல் கால்ல ஒரு தப்பும் இல்ல டீச்சர்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

வகுப்பில் ஏவலும் எதிர்மறை ஏவலும் நடத்தி நடத்தித் தொண்டை வறண்டவள் நான். ஒரே பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டையும் ஏவினால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாடை ஆடியது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்ப உங்க அப்ரோச்?” என்று தோத்தாத்ரி சார் மெல்லக் கேட்டார்.

“நீங்க எல்லாரும் அந்த ‘விடாதே’யை விட்டுடணும். அவ்வளவுதான் சார். இன்னொண்ணு, பசங்ககிட்ட இதைச் சொல்ல வேண்டாம். ஆபேல் தன் அப்பாவால கோல் போச்சுன்னு நெனச்சுக்கிட்டே ஆடக் கூடாது.”

கங்கையம்மாள்தான் ஆரம்பித்தாள். “த்தூ, இவ்ளோ நாளா நம்ம புள்ளைக்கு நாமளே பேஜார் குடுத்துகினு இருந்துக்கிறோம்!”

இவர் எழுந்தார். “நான் வாயைத் தொறக்க மாட்டேம்மா” என்று ரோஹிணியிடம் சொல்லிவிட்டு, என்னைக்கூடக் கூப்பிடாமல் வண்டியை நோக்கி நடந்தார்.

கடைசி மேட்ச் சனிக்கிழமை சாயங்காலம். தோற்கக் கூடாது. டிரா செய்து ஒரு பாயிண்ட் எடுத்தால் போதும், தப்பித்துவிடுவோம். கேலரி நிரம்பி வழிந்தது. கங்கையம்மாள் கூடையோடு படியேறி ஆளுக்கொரு கமர்கட்டைக் கையில் திணித்தாள்.

“வாய்ல போட்டு அடக்கிக்க. பல்லுல ஒட்டிகினா கத்த முடியாது. யாராச்சும் கடிச்சித் துன்னீங்க, அவ்ளோதான்.”

வங்கி மேலாளர், டாக்டர், கல்லூரிப் பேராசிரியர், ஒருவர் பாக்கியில்லாமல் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மொத்தக் கேலரிக்கும் பல்வலி வந்த மாதிரி இருந்தது. இவர் இரண்டு போட்டுக்கொண்டார், இரண்டு கன்னத்துக்கும்.

முதல் பாதியில் எங்கள் பையன்கள் தெற்கு கோலைக் காத்தார்கள். பந்து போகும்போதெல்லாம் இவர் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். வாயைத் திறக்கவில்லை. தோத்தாத்ரி சார் கண்ணை மூடிக்கொண்டார். மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோக்காரன் ‘தாம்பரம், தாம்பரம்’ என்று கூப்பிடுவதுகூடக் கேட்டது. ஐசக் சொன்னதெல்லாம் தெளிவாகக் காதில் விழுந்தது. கோல் போகவில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. ஆபேல் அடிக்கடி கேலரியைத் திரும்பிப் பார்த்தான். முதலில் ஒரு தடவை, பிறகு பந்து இல்லாத நேரமெல்லாம். போகப் போக அவன் தோள் இறங்கியது. பாதி நேரம் முடிவதற்குள் சும்மா கொடுக்க வேண்டிய ஒரு பாஸை எதிராளி காலிலேயே கொடுத்தான்.

இடைவேளையில் தண்ணீர் வாங்குகிற சாக்கில் வேலியருகே வந்து என்னைக் கூப்பிட்டான். முகமெல்லாம் வேர்வை.

“ஏம்மா யாருமே கத்த மாட்டேங்கறீங்க? நாங்க தோத்துடுவோம்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“சேச்சே, அதெல்லாம் இல்லடா.”

“அப்பா என்னை விட்டுட்டாராம்மா?”

பசங்களிடம் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று ரோஹிணி சொல்லியிருந்தாள். சொல்லாமல் இருந்தால் இவன் இப்படியே ஆடித் தோற்பான், பூட்ஸைக் கழற்றுவான், அப்பா விட்டுவிட்டார் என்ற நினைப்போடே கழற்றுவான். வாயில் கமர்கட் வேறு. அதைத் துப்பிவிட்டுப் பேசுவதற்குள் ரெஃப்ரி விசில் அடித்துவிட்டார், அவன் ஓடிவிட்டான்.

நான் படியேறி வந்து இவர் காதில் சொன்னேன். “நீங்க அவனை விட்டுட்டீங்களான்னு கேக்கறான். இறங்கிட்டா ஆட்டத்தையே விட்டுடறேன்னும் சொல்லியிருக்கான். எங்கிட்ட சொன்னது, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு.”

வைத்திருந்த தபாலை ஒரு வழியாகக் கொடுத்துவிட்டேன். இவர் என்னைப் பார்த்தார். வாய் முழுக்க வெல்லம் ஒட்டிக்கொண்டிருந்தது, கண் மட்டும் நிரம்பியது.

இரண்டாம் பாதியில் எங்கள் கோல் வடக்கே, எங்கள் மூக்குக்கு நேரே. எதிர் டீமுக்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. ஒரு நீளமான பந்து தாழ்வாக வந்து எகிறி ஆபேலை நோக்கி வந்தது.

“விடு!” என்றான் ஐசக்.

பக்கத்தில் ‘தூ’ என்று ஒரு சத்தம். இவர் இரண்டு கமர்கட்டையும் கையில் துப்பிவிட்டு எழுந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. தோத்தாத்ரி சார் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த பேஸ் குரல் கிளம்பியது.

“விடு ஆபேல்! விடூஊஊ!”

ஆபேல் அப்பாவின் குரலைக் கேட்டதும் சிலிர்த்தது எனக்குத் தெரிந்தது. கால் தூக்கவில்லை. அப்படியே பந்துக்கு வழிவிட்டு, புகுந்து வந்த பையனை மட்டும் உடம்பால் மறித்தான். ஐசக் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான்.

அப்புறம் கேட்கவேண்டுமா! ஐசக் ஒரு தடவை ‘விடு’ என்றால் நாலு படியும் சேர்ந்து ‘விடூஊ’ என்றோம். அவன் ‘உதை’ என்றால் நாங்களும் ‘உதை’. நான் முதல் வரியைச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிற மாதிரி இருந்தது, இங்கே டீச்சர் மட்டும் ஐசக். இவரைத் தவிர கமர்கட் இல்லாத வாயே கேலரியில் இல்லை, அதனால் பாதிப்பேருக்கு ‘விழூ’ என்றுதான் வந்தது. இந்தத் தடவை டீம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரோஹிணி முதலில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஐசக்கின் சொல்லையேதான் சொல்கிறோம் என்று புரிந்ததும் சிரித்துவிட்டாள். ஆபேல் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. தோள் பழையபடி நிமிர்ந்துவிட்டது.

முடியப்போகிற நேரத்தில் ஒரு கார்னர். கூட்டத்தில் யாரோ இடித்து ஐசக் கீழே விழுந்தான். பந்து எதன்மீதோ பட்டுத் திரும்பி, காலியான கோலுக்கு முன்னால் குதித்தது. ஆபேல் மட்டும் அங்கே நின்றான். ஐசக்கிடமிருந்து சத்தம் வரவில்லை. எங்களுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை. இவர் வாய் திறந்தபடி இருந்தது, ‘வி’ என்று உதடு அசைந்தது, அதற்குமேல் எதைச் சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை. சொல்லாமல் நின்றார்.

ஆபேல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஓங்கி ஒரு உதை. பந்து எங்கள் தலைக்கு மேலே போய், வேலியைத் தாண்டி, ரோட்டில் விழுந்தது. யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நீளமாக விசில் ஊதினார்.

டிரா. இறங்கவில்லை. கங்கையம்மாள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள். தோத்தாத்ரி சார் ஒரு முன்பின் தெரியாத பையனைக் கட்டிக்கொண்டு, “சொன்னேனோல்லியோ, இந்தப் பொண்ணு அப்ரோச்சே வேறன்னு!” என்றார். வாட்ஸ்அப்பில் அவர் எழுதியதை நான் யாருக்கும் காட்டவில்லை.

கூட்டம் குறைந்ததும் ஆபேல் வேலியைத் தாண்டி வந்து எங்கள் படியில் உட்கார்ந்தான். நடுவில் எப்போதும்போல நான்.

“ரோஹிணி மேம் இப்பதான் எல்லாத்தையும் சொன்னாங்கப்பா” என்றான், நேராக அவரிடமே. “நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். நீங்க விட்டுட்டீங்கன்னு…”

நான் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவன் ஈரத் தலையைக் கலைத்துவிட்டார்.

“அட, விடுடா” என்றார். “பசிக்குதா?”

“ரொம்ப.”

அவன் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். என் நெஞ்சு ஒரு நொடி நின்றது. கழற்றியதை என்னிடம் நீட்டினான்.

“அம்மா, சோல் விட்டுப்போச்சு பாரு. தைக்கக் குடுத்துடு. அடுத்த சீசனுக்குள்ள வேணும்.”

சேறு சொட்டுகிற அந்த பூட்ஸை மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைப் புடவை. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.